வேண்டாம் என்று சொல்லி வாங்கிய கணிப்பொறி

சென்ற வியாழக்கிழமை காலை, என் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு கணிப்பொறி தன் முதல் வேலையைச் செய்ய மறுத்தது.

அன்பர்கள் சிரிக்க வேண்டா. ஊர்ச்சாலைப் பள்ளங்களையும், உணவு விடுதிச் சாம்பாரையும், திருமண வீட்டு ஒலிபெருக்கியையும் பற்றி எழுதிவந்தவன் திடீரெனக் கணிப்பொறிக்குத் தாவிவிட்டானே என்று எண்ணவும் வேண்டா. கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கும் அந்தப் பொறிக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. தொடர்பு என் மருமகளுக்கு.

மருமகள் பெயர் செலின். கட்டடப் பொறியாளர். பெங்களூரில் ஒரு வரைவு அலுவலகத்தில் வேலை. என் மகனோ பென்னாகரத்தில் பள்ளி ஆசிரியன். மூன்று வயதுப் பேத்தி தருமபுரியில் எங்களோடு. வாரத் தொடக்கத்தில் பேருந்து ஏறிப் போகும் செலின், வார இறுதியில்தான் திரும்புவாள். ஞாயிறு முழுவதும் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்தபடியே வீட்டைச் சுற்றும். பிடியை விட்டால் என்ன ஆகும் என்று அதற்கும் தெரிந்திருந்தது!

இந்நிலைக்கு ஒரு மாற்று, அண்மையில் தானே வீடு தேடி வந்தது. கிருட்டிணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை நடத்தும் மாணிக்கம் என்பவர், புதிய ஆலைக்குக் கட்டட வரைபடம் வேண்டி வந்தார். நிலமும் தோட்டமும் உள்ளவர். பேச்சில் ஒளிவு மறைவு இல்லாதவர்.

"கையால போடற படம் வேணாம்மா" என்றார். "நான் இன்னிக்கு ஒண்ணு மாத்தச் சொல்லுவேன், நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவேன். ஒவ்வொரு வாட்டியும் மொதல்லேர்ந்து வரைஞ்சா எப்ப கட்டறது, எப்ப பழம் அரைக்கறது? பெங்களூர்ல கம்ப்யூட்டர்ல போட்டுத் தராங்களாம். அங்கயே போயிடலாம்னு பாக்கறேன்."

"அதுக்கு எதுக்குங்க பெங்களூர்? நானே கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேங்க. அடுத்த சனிக்கிழமை வந்து பாருங்க. புடிச்சா குடுங்க."

அப்போது அவளிடம் கணிப்பொறி இல்லை. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆக, கணக்கு எளிது. சனிக்கிழமை மாணிக்கத்துக்கு மனம் நிறைந்தால், செலின் பெங்களூர் வேலையை விட்டுவிட்டுத் தருமபுரியிலேயே சொந்த அலுவலகம் தொடங்குவாள். நிறையாவிட்டால்? மீண்டும் பேருந்து. மீண்டும் முந்தானை.

ஆயத்தமாக விற்கும் பொறியை வாங்கிவிடலாமே என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. அதுல நமக்கு வேணாதது நெறைய இருக்கும், வேண்டியது இருக்காது. எனக்கு என்ன வேலையோ அதுக்குத் தகுந்தாப்பல ஒவ்வொரு பாகமாப் பாத்து எடுத்துச் சேக்கணும்" என்றாள். அவள் சேமிப்போடு என் பணிக்கொடையில் ஒரு பகுதியும் சேர்ந்தது. புதன்கிழமை புறப்படுவதென முடிவாயிற்று.

இங்கேதான் சூசை நுழைகிறார்.

சூசை என் மனைவியின் தம்பி. செலினுக்குச் சித்தப்பா முறை. கம்பைநல்லூரில் நிலம் வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பெரும்பொருள் எதுவும் அவர் உடன்வராமல் வாங்கப்படுவதில்லை. மகனின் திருமணத்துக்குக் கட்டில் வாங்கியபோதும் அவர்தாம். நீரிறைக்கும் மோட்டார் வாங்கியபோதும் அவர்தாம். காரணம், மாட்டுச் சந்தையில் அவரை வென்று விலை சொன்ன தரகர் இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் கட்சி.

சந்தையில் அவர் முறையை நான் நேரில் கண்டிருக்கிறேன். பிடித்த காளையின் பக்கம் போகவே மாட்டார். பக்கத்து மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பிறகு ஏதோ போகிற போக்கில் திரும்புவது போலத் தாம் விரும்பிய காளையிடம் வந்து, "கொம்பு ஒரு மாதிரி இருக்குதே... நடையில தொய்வு தெரியுது... இது எங்களுக்குச் சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். விற்பவர் பின்னாலேயே வந்து கூப்பிடுவார். பிறகு துண்டை விரித்து அதன் மறைவில் கைகோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்: எவ்வளவு பழிக்கிறாரோ அவ்வளவு பிடித்திருக்கிறது என்று பொருள். வேண்டாம் என்றால் வேண்டும். போகிறேன் என்றால் கூப்பிடு. பல தலைமுறை கண்ட இலக்கணம் அது.

"கம்ப்யூட்டரா இருந்தா என்ன, காளையா இருந்தா என்ன? விக்கறவன் விக்கறவன்தானே" என்றபடி வண்டியேறினார்.

பெங்களூரில் மின்னணுக் கடைகள் நெருக்கியடித்த ஒரு தெரு. கடைக்காரர் பெயர் நாகராஜ். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து வரும் இன்முகத்தவர். மேசைமேல் உறுப்புகளைப் பரப்பினார். செலின் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தாள். பச்சை நிறத் தாய்ப்பலகையை விளிம்பில் மட்டும் பிடித்து ஒளியில் சாய்த்துப் பார்த்தாள். விசைப்பலகைகளில் விரல்களை ஓட்டி, அழுத்தம் பிடித்த ஒன்றைத் தனியே வைத்தாள். நிலைவட்டை ஓடவிட்டு அதன் ஓசையைக் கேட்டாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஸ்டெபிலைசர் பெருசாக் குடுங்க" என்றாள்.

"சிக்கதே சாகு மேடம். சின்னது போதும்."

"உங்க ஊர் கரண்டுக்குப் போதும்ங்க. எங்க ஊர்ல பம்புசெட்டெல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிச்சா லைட்டு மெழுகுவத்தி மாதிரி ஆயிடும்."

பெரியது வந்தது. ஓர் அச்சுப்பொறியும் சேர்ந்தது. அடுத்து, திரை. நாகராஜ் ஒரு வண்ணத் திரையை முடுக்கினார். அதில் பலூன்கள் பறந்தன. சூசையின் கண்கள் விரிந்தன. உடனே அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்ததிலிருந்து, அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று அறிந்தேன்.

"கலர் தகொள்ளி மேடம், கலரே எடுத்துக்கங்க. இப்ப எல்லாரும் கலர்தான்."

"எனக்கு வேணாம்ங்க. கலர்ல கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியுது, பாருங்க. ஒத்தக் கலரு போதும், கோடு ஊசி மாதிரி இருக்கணும்." பிறகு தாய்ப்பலகையில் காலியாகக் கிடந்த ஒரு சதுரப் பள்ளத்தைச் சுட்டினாள். "அந்தக் காசுக்கு, இந்த சாக்கெட்டுல மேத்ஸ் கோ-பிராசசர் போட்டுக் குடுங்க."

நாகராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அது யாரும் கேக்கமாட்டாங்களே மேடம்?"

"நான் கேக்கறேங்க."

எனக்குப் புரியும்படி அவளே விளக்கினாள். பொறியின் மூளை எல்லா வேலையும் செய்யும். ஆனால் வளைவு, கோணம், பதின்மப் புள்ளிக் கணக்கு என்று வந்தால் திணறும். அதற்கென்றே தனியாக ஒரு துணைச் சில்லு உண்டு. படம் வரையும் செயல்முறை அந்தச் சில்லு இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. நான் அதற்குக் கணக்குச் சில்லு என்று பெயரிட்டேன். அவள் மறுக்கவில்லை.

அச்சில்லு கடையில் இல்லை. வேறொரு கடையிலிருந்து மாலைக்குள் வந்துவிடும் என்றார் நாகராஜ். அந்த வாரத்துக்கு எடுத்திருந்த விடுப்பை மேலும் நீட்டிக் கேட்கச் செலின் தன் அலுவலகம் போகவேண்டியிருந்தது. "எல்லாம் பேசியாச்சு மாமா. நீங்க ரெண்டு பேரும் பணத்தைக் குடுத்து, எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. எதையும் மாத்த வேணாம்."

அவள் தலை மறைந்ததும் சூசை தோளிலிருந்த துண்டை உதறினார்.

"மச்சான், நீங்க வாயத் தெறக்காதீங்க. புள்ள ஆசப்பட்டதை மொகத்துலயே காட்டிருச்சு. அந்தச் சில்லுக்கு இவன் இனிமே வெலயக் கொறைப்பானா? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். நாகராஜிடம் போய், "ஏங்க, பிஸ்கட்டுத் துண்டு மாதிரி இருக்குமாம் அந்தச் சில்லு, அதுக்கு இவ்ளோவா? அது இல்லாமயே வண்டி ஓடுது இல்ல? எங்களுக்கு எதுக்குங்க அது? காலியாவே கெடக்கட்டும்" என்றார்.

"பேடவா சார்?"

"வேண்டாங்க."

சொல்லிவிட்டுக் கடை வாசல் வரை நடந்தார். சந்தை முறைப்படி நாகராஜ் பின்னால் வரவேண்டும். அவர் வரவில்லை. தொலைபேசியை எடுத்துக் கன்னடத்தில் ஏதோ பேசி வைத்தார். சூசை தாமே திரும்பி வந்து, துண்டை விரித்து அவர் கையைப் பற்றினார். நாகராஜ் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏனு சார் இது?"

"வெல பேசறாருங்க" என்றேன். கைகுலுக்கும் வகைகளுள் இதுவும் ஒன்று என அவர் கருதியிருக்க வேண்டும். தாமும் நன்றாகக் குலுக்கினார்.

"ஆயித்து சார். உங்களுக்காக அதே ரேட்டுல கலர் மானிட்டர் கொடுக்கிறேன். ஓகே?"

சூசை என் காதருகே குனிந்தார். "பாத்தீங்களா? சில்லு வெலயும் கொறஞ்சுது, மேல கலரும் வந்துது. இதான் மச்சான் சந்தை." சில்லும் உள்ளே இருக்கிறது, வண்ணத் திரையும் கூட வருகிறது என்று அவர் உளமார நம்பினார். பொறியின் மூடியோ திருகாணி போட்டு மூடிக் கிடந்தது. நான் என்ன கண்டேன்?

பேருந்து நிலையத்தில் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. செலின் களைத்திருந்தாள். அலுவலகம் விடுப்பை நீட்டவில்லை; திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும்.

வியாழன் காலை. என் மனைவி தீர்த்தக் குப்பியோடு வந்து நின்றாள். "அத்தே, தண்ணி மட்டும் வேணாம். சிலுவை போட்டாப் போதும்" என்று செலின் அவசரமாகத் தடுத்தாள். சிலுவை போடப்பட்டது. பெட்டியைப் பிரித்ததும் வண்ணத் திரையைக் கண்டு அவள் புருவம் உயர்ந்தது. செயல்முறைத் தட்டைச் செருகி விசையைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. மூன்று நிறத்தில் வந்தது என்பது உண்மை; பேத்தி சோற்றுக்கும் எழாமல் அதன்முன் அமர்ந்துவிட்டாள் என்பதும் உண்மை. ஆயினும் அந்த வரியின் பொருள், முடியாது என்பதுதான்.

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். சதுரப் பள்ளம் காலியாக இருந்தது.

"சித்தப்பா, சில்லு எங்கே?"

"உள்ளதாம்மா இருக்கும்."

"இல்லீங்களே. கடைக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

சூசை சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. முடிவில் உண்மையான வேதனையோடு கேட்டார்: "அதெப்படிம்மா? நான் வேணாம்னு சொன்னா, வேணும்னுதானே அர்த்தம்?"

"அது கம்பைநல்லூர்ல சித்தப்பா. பெங்களூர்ல வேணாம்னா வேணாந்தான்."

அன்பர்களே, நான் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய நிலையிலும் யாரும் இல்லை. மறுநாளுக்கு மறுநாள் சனிக்கிழமை. ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சூசையை மட்டும் சொல்வானேன்? வேண்டியதை வேண்டும் என்று சொல்வதை நாம் எல்லாருமே ஏதோ ஒரு தோல்வி போலக் கருதவில்லையா? விருந்து வீட்டில் பசியோடு அமர்ந்து "போதும், போதும்" என்று இலைமேல் கையை விரிக்கிறோம் — விரல்களுக்கிடையே இடம் விட்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் உள்ளம் குளிர்ந்த பின்னும் "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்கிறோம். துணிக்கடையில் மனைவி விரும்பிய சேலையைக் கடைசியாக எடுத்துக் காட்டச் சொல்கிறோம். எதிரில் இருப்பவரும் நம்மவராக இருக்கும்வரை இதில் இடரில்லை. சொல்லை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொள்வார். சொன்னதைச் சொன்னபடியே நம்பும் ஒரு நேர்மையாளர் எதிர்ப்பட்டால்தான் நம் பாடு திண்டாட்டம்!

சூசை இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். செலின் மூடியை மூடித் திருகாணிகளை முடுக்கினாள். அழுவாளோ என்று அஞ்சினேன். அவள் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, சந்தையில நீங்க வாங்க மட்டுந்தான் செய்வீங்களா, விக்கறதும் உண்டா?"

"விக்காம? விக்கறதுலதாம்மா நான் பெரிய ஆளு."

"அப்ப நாளைக்கு என்கூட வாங்க. வாங்கற வேலை என்னுது. இந்தக் கலர் மானிட்டரை விக்கற வேலை உங்குது."

வெள்ளிக்கிழமை முதற்பேருந்தில் மூவரும் போனோம். திரைப்பெட்டியைச் சூசை மடியைவிட்டு இறக்கவில்லை; பொறிப்பெட்டி என் மடியில். நாகராஜ் எங்களைக் கண்டதும் மகிழ்ந்தார்; செய்தியைக் கேட்டதும் வருந்தினார். அவர்மேல் என்ன தவறு? சில்லு ஒன்று இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்றார். ஆனால் விற்ற திரையைத் திரும்ப எடுக்க இயலாது. வேறு எவரேனும் வாங்கினால் அந்தத் தொகையில் சில்லும் ஒற்றை வண்ணத் திரையும் தரலாம். அது நியாயம்தான்.

கடையில் ஓசூர் இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். காசு வாங்கிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டும் விடியோ நிலையம் தொடங்க வந்தவர். ஒற்றை வண்ணமா, பல வண்ணமா என்று காலையிலிருந்து முடிவெடுக்க முடியாமல் தவித்தாராம்.

சூசை திரையை மேசைமேல் வைத்தார். துண்டால் ஒரு முறை துடைத்தார். நாகராஜ் பலூன்களைப் பறக்கவிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. இதை வூட்ல வச்சுப் பாத்தவன் சொல்றேன். பச்சைன்னா நாத்தங்காலு பச்சை. செவப்புன்னா பழுத்த மொளகா. எங்க வூட்டுப் பாப்பா இது முன்னாடி உக்காந்துட்டு சோத்துக்குக்கூட எழுந்து வரலீங்க."

"அவ்ளோ நல்லா இருந்தா ஏங்க திருப்பிக் குடுக்கறீங்க?"

சூசை பெருமூச்சு விட்டார். "என்னங்க பண்றது... எங்க வூட்ல படிச்ச புள்ளைக்கு வெறுங்கோடு போதுமாம். கலரு வேணாமாம். அது கட்டடம் கட்டற புள்ளைங்க. உங்களை மாதிரி பத்துப் புள்ளைங்க வந்து போற எடமா இருந்தா நான் இதைக் குடுப்பனா?"

அத்தனையும் உண்மை. ஒரு சொல் பொய்யில்லை! இளைஞர் வாங்கிவிட்டார். பலூனைப் பார்த்துக்கொண்டே வாங்கினார்.

"சார், இவரை இங்கயே விட்டுட்டு ஹோகி. நான் வேலை கொடுக்கிறேன்" என்றார் நாகராஜ் என்னிடம்.

இதற்குள் செலின் மறுபக்கம் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தாள். சில்லு வந்தது. உண்மையிலேயே பிஸ்கட்டுத் துண்டளவுதான். அதன் கால்களைச் சரிபார்த்துச் சதுரப் பள்ளத்தில் வைத்து இரு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தினாள். 'டக்' என்று அமர்ந்தது. ஒற்றை வண்ணத் திரையை இணைத்து, மூடியைப் போடுமுன் தட்டைச் செருகினாள். செயல்முறை திறந்தது. அதனுள் இருந்த ஏதோ ஒரு பாலத்தின் மாதிரிப் படம் கோடு கோடாக எழுந்தது. ஒரு கோடாவது படிக்கட்டாக இல்லை. ஒரு மூலையைப் பெரிதாக்கினாள்; மேலும் பெரிதாக்கினாள்; ஒரே ஒரு திருகாணி திரை முழுதும் நின்றது.

நாகராஜ் தம் கடை ஆட்களைக் கூப்பிட்டார். "பாரோ, நோடு. வந்து பாரு, நம்ம கடையில போட்ட மிஷின்."

வெள்ளி மாலை வீடு திரும்பியவள், காகிதத்தில் முன்பே வரைந்திருந்த ஆலைப் படத்தைப் பொறிக்குள் ஏற்ற அமர்ந்தாள். சனி பிற்பகல் மாணிக்கம் வந்தபோதும் அங்கேயேதான் இருந்தாள். இடையில் உண்டாள் என்று என் மனைவி சொல்கிறாள்.

மாணிக்கம் திரையின் முன் அமர்ந்தார். நான், சூசை, மகன், மனைவி, இடுப்பில் பேத்தி — எல்லாரும் பின்னால் நின்றோம். வீட்டில் தேர்வு எழுதுவது யார் என்றே தெரியாத நிலை.

"பழம் கழுவற தொட்டிய இங்க வச்சிருக்கீங்க" என்றார் அவர். "சீசன்ல லாரி வரிசையா நிக்கும். இது கேட்டுக்கு இவ்ளோ கிட்ட இருந்தா வண்டி திரும்பாது. இதை அந்தப் பக்கம் தள்ளணும்."

"எவ்ளோ தூரம்ங்க?"

அவர் சொன்னார். செலின் விசைகளைத் தட்டினாள். தொட்டி நகர்ந்தது. கழிவுநீர்க் குழாயைத் தொடர்ந்து நீட்டினாள். புதிய நீளம் எண்ணாக வந்து நின்றது. மனைவி கொடுத்த காப்பியை மாணிக்கம் இன்னும் ஆற்றி முடிக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"இப்ப பாய்லர் ரூமை மேற்கால தள்ளுனா?"

தள்ளினாள். அவர் மேலும் ஒன்று சொன்னார், அதையும் செய்தாள். பிறகு, "இல்ல, பழைய எடமே நல்லாருக்குது" என்றார். பழைய இடத்துக்கே வந்தது. காப்பி ஆறிப்போய்விட்டது. அவர் குடிக்க மறந்துவிட்டார். சிறு பிள்ளைபோல் ஆலையின் உறுப்புகளை அங்குமிங்கும் நகர்த்தச் சொல்லிக்கொண்டே இருந்தார். அச்சுப்பொறி கரகரவென்று படத்தை உமிழ்ந்தது. அதைக் கையில் வாங்கிச் சாளரத்தருகே போய் நின்று பார்த்தார்.

"நல்லாருக்குதும்மா. என் பங்காளி ஒருத்தர் ரைஸ்மில் கட்டறாரு, அதையும் உங்ககிட்டயே சொல்லிடறேன். ரெண்டு வேலை இருக்குது... நீங்க சொன்ன கட்டணத்துல கொஞ்சம் பாத்துப் போட்டுக்கலாமா?"

ஒரு வாரப் பாடும், ஒரு குடும்பத்தின் திங்கட்கிழமைகளும் அந்தக் கேள்வியின்மேல் நின்றன. நானாக இருந்தால் குறைத்திருப்பேன் — வெட்கமின்றிச் சொல்கிறேன்.

"இல்லீங்க" என்றாள் செலின். "யோசிச்சுத்தான் சொன்னேன். அது கொறையாதுங்க."

"கொறையாதா?"

"கொறையாதுங்க."

மாணிக்கம் அவளைப் பார்த்தார். பிறகு படத்தை நான்காக மடித்தார்.

"சரி. எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"ஆரம்பிச்சாச்சுங்க."

செலின் தன் பணிவிலகல் மடலை எழுதி ஒட்டித் தந்தாள். அதை அஞ்சற்பெட்டியில் சேர்க்கும் பேறு எனக்கு வாய்த்தது. போட்ட பிறகும் மனம் கேளாமல், வழியில் எங்கும் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். தெருவில் போன இருவர் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மடல் நன்றாகவே உள்ளே விழுந்திருந்தது.